ழகரம் உள்ள பெயரை வைக்கப் போகிறவர்களுக்கு

மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தபோது, எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் சரி, நான் வேலை பார்த்த இடத்திலும் சரி, அந்தப் பெயரில் ஒரு பிள்ளை கூட இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் "புதுசா இருக்கே" என்றார்கள். இன்று அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் வகுப்பிலேயே இன்னொரு யாழினி இருக்கிறாள். பக்கத்துப் பிரிவில் ஒருத்தி, பள்ளி வேனில் சின்ன வகுப்பு யாழினி ஒருத்தி. ஆசிரியர்கள் இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அரிதான பெயர் என்று நாங்கள் நினைத்தது, அவள் பள்ளிக்குப் போவதற்குள் எல்லார் வீட்டுப் பெயராகவும் ஆகிவிட்டது.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பெயரை நம்மோடு சேர்ந்து இன்னும் எத்தனை பேர் வைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை என்று இத்தனை வருடத்தில் புரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைப் பிள்ளையைச் சுற்றி இருப்பவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் பெற்றோர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெயர் தேடும் நாட்களில் நம்மில் பெரும்பாலோர் முதல் விஷயத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறோம். இரண்டாவதைப் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகுதான் யோசிக்கிறோம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே யோசித்துவிடலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர் பரவுவதைப் பற்றி. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான குழந்தைப் பெயர்களை ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்து பிள்ளைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்கள் மட்டும் அதில் இருக்காது. அந்தப் பட்டியலில் ஜெனிஃபர் என்ற பெயர் 1970 முதல் 1984 வரை பெண் குழந்தைகளுக்கான பெயர்களில் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அப்புறம் மெல்ல இறங்கிவிட்டது. இன்று அங்கே ஜெனிஃபர் என்றால் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்மணியின் முகம்தான் நினைவுக்கு வரும். நம்மிடம் சுமதி, சாந்தி, கவிதா, உமா என்றதும் ஒரு வயது மனதில் வருகிறதே, அதே மாதிரி. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து அங்குள்ள தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இப்படி ஒரு பட்டியல் தருகிறது. 2023-இல் அங்கே ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் முஹம்மது.

இந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே எழுத்துக்கூட்டலை வைத்துத்தான் எண்ணுகின்றன. ஒரே பெயரை மூன்று விதமாக எழுதினால் அங்கே அது மூன்று பெயர். பட்டியலில் கீழே இருக்கும் பெயர் காதுக்கு வெகு சாதாரணமாக இருக்கலாம். நம் பெயர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். தமிழில் ஒரே மாதிரி எழுதும் பெயருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து வடிவம் சாதாரணமாக உண்டு.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வரும் அப்படிப்பட்ட பட்டியல் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. பெயரும் வயதும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும், பாகம் பாகமாகப் பொதுவில் கிடைக்கும். ஒரு பாகத்தை எடுத்துவைத்துக்கொண்டு வயதோடு சேர்த்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். மூத்தவர்களிடம் மாரியம்மாள், முனியம்மாள், பேச்சியம்மாள், கருப்பையா என்று குலதெய்வங்கள். நடுவில் இந்திரா, ஜவகர், சுபாஷ் சந்திரபோஸ். அப்புறம் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, மலர்விழி, தேன்மொழி, இளங்கோ. அவர்களுக்குப் பின்னால் ரமேஷும் சுரேஷும் சதீஷும் பிரியாவும் திவ்யாவும். எனக்கு இது சரித்திரப் பாடத்தை விட நன்றாகப் புரிந்தது.

அதில் தமிழ்ச்செல்விகளின் காலம் தானாக வந்ததல்ல. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் அவர். அவருக்கும் முன்னால் சூரியநாராயண சாஸ்திரி தன்னைப் பரிதிமாற்கலைஞர் ஆக்கிக்கொண்டார். பின்னால் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். ஒரு தலைமுறை தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்டது, அடுத்த தலைமுறை அதைப் பிள்ளைகளுக்கு வைத்தது. அரசியல் ஈடுபாடு பெயராவது அப்போது சகஜம். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது அதே மார்ச் 5.

பட்டியலைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. தனிப் பெயர்கள் மட்டும் வந்து போவதில்லை. பெயரின் கடைசி ஒலிகள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகின்றன. ஒரு காலத்தில் செல்வி, மொழி, விழி. பிறகு ஆண் பிள்ளைகளுக்கு 'ஷ்', பெண் பிள்ளைகளுக்கு 'இகா'. இப்போது யாழினி, மகிழினி, இதழினி, தமிழினி என்று 'இனி'. பக்கத்திலேயே நிலா, இனியா, அகரன், ஆதிரன். முந்தைய தமிழ் அலையின் பெயர்கள் இரண்டு சொல் சேர்ந்தவை, நீளமானவை. இப்போதையது மூன்று எழுத்து, நான்கு எழுத்து. அமெரிக்காவிலும் இப்படியே நடந்தது. ஏடன், ஜேடன், பிரேடன், ஹேடன் என்று ஒரே ஓசையில் முடியும் பையன்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளம்பினார்கள்.

எனவே "இந்தப் பெயர் யாருக்காவது இருக்கிறதா" என்று மட்டும் தேடாதீர்கள். அதே முடிவுள்ள பெயர்கள் சின்னப் பிள்ளைகளிடம் எவ்வளவு இருக்கின்றன என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் இல்லை. அதற்கு மழலையர் பள்ளிகளின் விளையாட்டு விழா அழைப்பிதழ், ஓவியப் போட்டி முடிவு, ஆண்டுவிழாப் பரிசுப் பட்டியல் உதவும். நாங்கள் பெயர் வைத்த காலத்தில் இனியாவும் தமிழினியும் அங்கே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். யாழினியும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

வேகமும் முக்கியம். அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நூறு ஆண்டுப் பெயர்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. சட்டென்று ஏறும் பெயர்கள் சட்டென்று இறங்கியும் விடுகின்றன என்பது அதன் முடிவு. இது சீக்கிரம் அலுத்துவிடும் என்று பெற்றோர் நினைத்து ஒதுங்குவதும் அதற்கு ஒரு காரணமாம். கயல்விழி, மணிமேகலை, கண்ணகி போன்றவை எந்த அலையிலும் உச்சிக்குப் போனதில்லை, காணாமலும் போனதில்லை. ஒரு குறிப்பிட்ட பத்தாண்டின் முத்திரை இல்லாத பெயர் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் தேடுங்கள். ஆனால் பலருக்கு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மனதுக்குப் பிடித்த பெயரை விட்டுவிடாதீர்கள். என் மகளும் அவள் வகுப்பு யாழினியும் நெருங்கிய தோழிகள். ஒரே பெயர்தான் அவர்களை முதலில் பேச வைத்தது.

இனி உச்சரிப்பு. என் மனம் முழுக்க இருப்பது இதில்தான்.

ழகரம் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியம் சொல்கிறது. நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறது. லகரத்தையும் ளகரத்தையும் தனியாக வைக்கிறது. அவற்றுக்கு நாவின் ஓரம் தடித்து எழ வேண்டும். நான் பள்ளியில் ல, ள, ழ மூன்றையும் ஒரே கட்டில் வைத்துத்தான் படித்தேன். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தொல்காப்பியர் பிரித்த விதம் எவ்வளவு பயன்படுகிறது என்று தெரிந்தது. ழகரம் வராத பிள்ளையிடம் "ள சொல்லு, இன்னும் கொஞ்சம் நாக்கை மடி" என்றால் வராது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "ர சொல்ல ஆரம்பி, நாக்கைத் தட்டாமல் மேலே வளைத்தபடியே நிறுத்து" என்றால் வரும்.

அவள் தன் பெயரைத் தானே சரியாகச் சொல்லப் பல வருடம் ஆனது. முதலில் "யாயினி". பிறகு கொஞ்ச காலம் "யாளினி". குழந்தைகளுக்குக் கடைசியாகக் கைகூடும் ஒலிகளில் ழகரமும் ஒன்று. வீட்டில் நாங்கள் திருத்திக்கொண்டே இருக்கவில்லை. நாங்கள் மட்டும் எப்போதும் தெளிவாகச் சொன்னோம். யூகேஜி முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு ஒரு நாள் தானாகவே வந்துவிட்டது. உங்கள் பிள்ளைக்குப் பள்ளி தொடங்கி நாளாகியும் வரவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு முறை காட்டலாம். அதுவரை தன் பெயரையே சொல்லப் பயப்படும்படி ஆக்கிவிட வேண்டாம்.

பெரியவர்கள் கதை வேறு. என் கணவரின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரம். வாழைப்பழம் வாளப்பளம். அத்தைக்கு இவள் என்றைக்கும் யாளினிதான். "ஏட்டி யாளினி, இங்கன வா" என்று ஆச்சி கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடுவாள். சென்னையில் சில வாய்களில் அதே பழம் பயம் ஆகிறது. இவளும் யாயினி ஆகிறாள். ஒரு வட்டாரத்தின் பேச்சு அது, குறை அல்ல. பெயரை முடிவு செய்யும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அதைச் சொல்ல வையுங்கள். அவர்கள் வாயில் வரும் வடிவமும் உங்களுக்குப் பிடித்திருந்தால் தைரியமாக வைக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அந்த வடிவத்தோடுதான் பிள்ளை வளரப் போகிறது என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள். பாட்டியின் நாக்கை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

தமிழ் தெரியாதவர்களிடம் போகும்போதுதான் எழுத்துக்கூட்டல் வேலையைக் காட்டுகிறது. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போடுவது இப்போது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். மலையாளிகளிடம் இந்தப் பிரச்சினையே இல்லை. அவர்கள் மொழியிலும் ழகரம் இருக்கிறது, கோழிக்கோட்டையும் ஆலப்புழையையும் இசட்-எச் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மற்ற எல்லாருக்கும் அந்த இரண்டு எழுத்து வேறு எதையோ சொல்கிறது. ஆங்கிலம் படித்தவர் 'மெஷர்' என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலியைப் போடுவார். இந்திக்காரர் ஜகரத்தை நோக்கிப் போவார். கனிமொழியின் பெயரை வடநாட்டுத் தொலைக்காட்சிகளில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பழைய வழக்கம் எல். பழனி, அழகப்பா, சோழர் எல்லாம் ஆங்கிலத்தில் எல்லோடுதான் இருக்கின்றன. ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு வழக்கமும் உண்டு. மு.க. அழகிரியின் பெயர் ஆங்கிலத்தில் எல் போட்டு வருகிறது, அவர் தங்கை கனிமொழியின் பெயர் இசட்-எச் போட்டு வருகிறது. தமிழிசை சௌந்தரராஜன் எல், தமிழச்சி தங்கபாண்டியன் இசட்-எச். ஈழத்தமிழர்களிடம் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. யாழ் என்பதை அவர்கள் ஆர்-எல் போட்டு எழுதுவதுண்டு. எனக்கு அது முதலில் விசித்திரமாகப் பட்டது. தொல்காப்பியம் ரகரத்தையும் ழகரத்தையும் ஏன் ஒன்றாக வைத்தது என்று புரிந்த பிறகு, மூன்றில் காதுக்கு மிக நெருங்கி வருவது அதுதான் என்று தோன்றியது. அமெரிக்கர்கள் நாக்கைப் பின்னால் வளைத்துச் சொல்லும் ஆர் ஒலி நம் ழகரத்துக்கு உண்மையிலேயே பக்கத்துவீடு.

எழுத்துக்கூட்டலை அரசே மாற்றினாலும் மக்கள் எளிதில் ஏற்பதில்லை. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றும் ஆணை 2020 ஜூனில் வெளிவந்தது. எழும்பூரின் ழகரத்துக்கு அதில் இசட்-எச் கிடைத்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கொடுத்த எழுத்துகளைப் பார்த்து எல்லாரும் குழம்பினார்கள். அதே மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே அப்படி என்றால், ஒரு தனிப் பிள்ளையின் பெயருக்கு எந்த எழுத்து சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பெற்றோர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாங்கள் தேர்ந்தெடுத்த விதம் இது. பெயரைச் சொல்லாமல், மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதிக் காட்டி, வேறு வேறு மொழிக்காரர்களிடம் "இதை வாசியுங்கள்" என்றோம். அலுவலகத்தில் தெலுங்கர், மலையாளி, வங்காளி எல்லாரும் இருந்தது வசதியாகப் போயிற்று. எல் போட்டதை எல்லாரும் தடுமாறாமல் "யாலினி" என்றார்கள். மென்மையாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு பெயர். இசட்-எச் போட்டதைக் கண்டதும் பாதிப் பேர் நிறுத்தி "எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எங்களை முடிவெடுக்க வைத்தது. தப்பாகச் சரளமாகச் சொல்வதை விட, நின்று கேட்பது நல்லது என்று பட்டது. இசட்-எச்சையே வைத்தோம். வேறொரு குடும்பம் இதே சோதனையைச் செய்து எல் என்று முடிவெடுத்தால் அதுவும் சரிதான். பிள்ளை வெளிநாட்டில் வளரப் போகிறாள் என்றால் நானே ஆர்-எல் பற்றித் தீவிரமாக யோசித்திருப்பேன்.

ழகரம் இல்லாத பெயர்களுக்கும் இந்தச் சோதனை அவசியம். நம் எழுத்தில் தகரம் ஒன்றுதான், ககரம் ஒன்றுதான். தர்ஷினியை டி-யில் (D) தொடங்குவதா, டி-எச்சிலா (DH)? காயத்ரிக்கு ஜி என்பது நமக்கு மனப்பாடம், ஆனால் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் பெயர்க்கும் கணினி அதற்கு கே போட்டுவிடும். கவிதாவின் தகரத்துக்கு நாம் டி-எச் (TH) போடுகிறோம், வடக்கே வெறும் டி (T). நம் டி-எச்சைப் பார்த்து அவர்கள் மூச்சை விட்டு அழுத்திச் சொல்கிறார்கள். அவர்கள் டி-யைப் பார்த்து நாம் 'கவிட்டா' என்கிறோம்.

எண் கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களிடமும் ஓர் ஏ-யும் ஓர் ஈ-யும் சேர்க்கச் சொன்னார்கள். நம்பிக்கை உள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடுதலாக வரும் ஒவ்வோர் எழுத்தையும் புதிதாகப் படிப்பவர் உச்சரிக்கத்தான் முயல்வார். சேர்த்தே ஆக வேண்டும் என்றால், உயிரெழுத்தை நீட்டும் இடத்தில், ஏற்கெனவே நெடிலாக ஒலிக்கும் அசையில் சேருங்கள். யாழினியில் 'யா'வில் ஓர் ஏ கூடினால் கெடுதல் இல்லை. கடைசியில் இரட்டை ஈ போட்டால் 'நீ' என்று இழுப்பார்கள்.

பிள்ளை வெளியே போகத் தொடங்கிய பிறகு நடந்த ஒன்று. வேறு மாநிலத்தில் ஒரு போட்டி. மேடையில் பெயர் வாசித்தார்கள், இவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறையும் வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தட்டிச் சொன்ன பிறகுதான் அது தன் பெயர் என்று புரிந்தது. "யாஜ்ஹினி" என்று அவர்கள் சொன்னதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கோபமாக இருந்தாள். எல் போட்டு மாற்றிவிடலாமா என்றும் கேட்டாள். மாற்றுவது உன் விருப்பம், ஆனால் அதற்கு முன் இன்னொன்று செய்து பார்ப்போம் என்றேன்.

அன்றிலிருந்து இப்படிப் பழகிக்கொண்டோம். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் தொடங்கும் முன்பே, பெயர் வாசிக்கப் போகிறவரிடம் அவளே போய் ஒரு முறை சொல்லிவிடுவாள். "மேம், இசட்-எச்சை ஆர் மாதிரி சொல்லுங்க, நாக்கைப் பின்னால வளைச்சா போதும்" என்பாள். தேவநாகரியில் ழகரத்துக்கென்று புள்ளி வைத்த ஓர் எழுத்து உண்டு, ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் இந்தி படிப்பவர்களுக்குத் துண்டுச் சீட்டில் ரகரம் போட்டே எழுதிக் கொடுப்பாள். 'யாரினி' என்று வரும். ஜகரத்தை விட அது அவள் பெயருக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது, கேட்டவுடன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிகிறது. பெரும்பாலோர் மகிழ்ச்சியாக முயல்கிறார்கள். சிலருக்கு முதல் முறையே வந்துவிடும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இதில் நான் முக்கியமாக நினைப்பது, திருத்துவதை முதல் சந்திப்பிலேயே செய்துவிடுவது. ஆறு மாதம் தப்பாகவே கூப்பிட்டுப் பழகிய ஆசிரியரை ஏழாம் மாதம் திருத்துவது இரண்டு பேருக்கும் சங்கடம். முதல் நாளில் அது வெறும் தகவல். பிள்ளைக்கு வெட்கமாக இருந்தால் ஒன்றாம் வகுப்பு வரை நாம் சொல்லலாம், அதற்குப் பிறகு அவர்களே சொல்லட்டும். பெரியவர்கள் ஆன பின்னும் இது தேவைப்படுகிறது. லிங்க்ட்இன் தளத்தில் 2020 முதல் தன் பெயரைத் தானே பத்து விநாடிக்குள் பேசிப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் அதை அவசியம் பயன்படுத்துங்கள்.

செல்லப்பெயர் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. சொல்லச் சிரமம் என்பதற்காக 'இனி' என்று சுருக்கினால், நாலு வருடத்தில் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் பெயராக யாழினி ஆகிவிடும். நாங்கள் சுருக்கும்போது 'யாழ்' என்றுதான் சுருக்கினோம். கடினமான எழுத்து சுருக்கத்திலும் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்தோம். அவள் நண்பர்களுக்கு ழகரம் நன்றாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாகக் காகிதங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் என்று பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் என்ன எழுத்தோ அதுதான் தொடர்ந்து வரும். எனவே படிவத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள், எழுதுபவரின் யூகத்துக்கு விடாதீர்கள். ஆதாரில் ஆங்கிலப் பெயரை வைத்துக் கணினியே தமிழில் பெயர்க்கும். அந்தத் தமிழ் வரியைப் பதிவு மையத்திலேயே திரையில் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற அனுமதி, அதை எழுத்துப்பிழைக்குச் செலவழிக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருக்கும். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் அவருடைய ஆவணங்களில் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கச் சொல்வார்கள். அன்று எப்படியாவது நேரம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலேயே பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்க முடியும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் படிவத்தை நிரப்புவதை விட, அந்த அவகாசத்தில் சில வாரமாவது பெயரை வீட்டில் கூப்பிட்டுப் பாருங்கள். ஆச்சி தாத்தாவைச் சொல்ல வையுங்கள். வேறு மொழிக்காரர் ஒருவரிடமாவது எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு படிவத்தில் எழுதுங்கள்.